மாமியார் மெழுகிய தரை

முச்சாநேத்தா என்ற பெயருக்கு 'உங்களுக்குத்தான் அலுத்துப்போகும்' என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் பெயர் வைப்பது பிள்ளைக்காக மட்டும் இல்லை, வம்பு பேசும் அக்கம்பக்கத்துக்கும் சேர்த்துத்தான். அவளைப் பெற்றவள் புகுந்த வீட்டில் ஏழு வருஷம் வாயே திறக்காமல் ஏச்சு வாங்கினாள். எட்டாம் வருஷம் பெண் பிறந்தது. பெயர் வைக்கிற அன்று ஒரே வார்த்தையில் எல்லாருக்கும் கணக்குத் தீர்த்தாள். அப்புறம் அந்த வீட்டார் குழந்தையைக் கூப்பிடும்போதெல்லாம் தங்களுக்கே பதில் சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று.

பிறந்தது புஹேராவில், பெரிய காட்டு மானைக் குலச்சின்னமாகக் கொண்ட குலத்தில். அந்தக் குலத்துப் பெண்களை சிஹேரா என்று அழைப்போம். சிஹேரா ஒருத்தி மருமகளாக வருகிறாள் என்றால் மாப்பிள்ளை வீட்டுக்கு வாழ்த்துச் சொல்கிறவர்கள் பாதி, துக்கம் விசாரிக்கிறவர்கள் பாதி. நினைத்ததை முடிக்காமல் உட்காராத ஜாதி என்று பேர். முச்சாநேத்தா பத்தொன்பது வயதில் ருவாரேக்கு மருமகளாக வந்தாள். வந்த மூன்றாம் நாளே மாமியாரோடு சண்டை.

சண்டை தரையைப் பற்றியது. சமையல் வீட்டின் பின்சுவரை ஒட்டி நாங்கள் பானைத் திண்டு ஒன்று கட்டுவோம். சிக்குவா என்பது அதன் பெயர். பானைகள் அங்கேதான் நிற்கும். வீட்டில் யாராவது செத்தால் உடலை அதன் முன்னால்தான் கிடத்துவோம். முன்னோரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் அதன் எதிரே மண்டியிட்டு, கையைக் குவித்து மெல்லத் தட்டிச் சொல்வோம். புஹேராவில் திண்டின் விளிம்பை நேராக விடுவார்கள். முச்சாநேத்தாவும் அப்படியே நேராக இழைத்து வைத்தாள். மாமியார் வந்து பார்த்தார், குனிந்தார், ஈரமாக இருந்த விளிம்பை விரலாலேயே பெயர்த்து எறிந்தார்.

"இது என்ன, ஆட்டுக்குத் தண்ணி காட்டற தொட்டியா?"

"எங்க ஊர்ல இப்பிடித்தான் அத்தை."

"உங்க ஊர்லயா உக்காந்திருக்க? இந்த வீட்டுத் திண்டுக்கு ரெண்டு வரப்பு. மேல ஒண்ணு, ரெண்டு விரல் விட்டுக் கீழ ஒண்ணு. எனக்கு என் மாமியா அடிச்சுச் சொல்லிக் குடுத்தா. அவளுக்கு அவ மாமியா. நீ மட்டும் வானத்துல இருந்து குதிச்சியா?"

நான்கு தடவை இழைத்தாள், நான்கு தடவையும் மாமியார் பெயர்த்தார். ஐந்தாவது தடவை, புற்றுமண்ணைச் சலித்துக் குழைத்து, இரண்டு வரப்பும் கட்டைவிரலால் இழுத்து, காயக் காயக் கூழாங்கல்லால் தேய்த்து, கடைசியில் சாணியால் மெழுகினாள். மாமியார் ஒரு பானையைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தார். முச்சாநேத்தா அன்று இரண்டு கையும் எரிய எரியச் சாப்பிட்டாள். மாமியாரை அவளுக்குப் பிடிக்கவே இல்லை. சாகிற வரைக்கும் பிடிக்கவில்லை என்று அவளே சொல்வாள். ஆனால் அந்தக் கையை மட்டும் அவளால் மறுக்க முடியவில்லை.

ருவாரேயில் கல்வீடுகள் இருந்தன. ஒரு ஆள்மேல் ஒரு ஆள் நின்றாலும் எட்டாத சுவர்கள். சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. கல்லின்மேல் கல்லை வைத்து, வளைத்து வளைத்து எழுப்பியவை. மாமனார் வீட்டார் அந்தச் சுவர்களின் அடிவாரத்தில்தான் குடியிருந்தார்கள். கட்டியது யார் என்று யாரும் கேட்டதில்லை. கொள்ளுத்தாத்தாவைப் பெற்றவள் ஒரு பெண்தானா என்று யாராவது கேட்பார்களா? பிறகு வெள்ளைத் துரைமார் வந்து கம்பிவேலி போட்டார்கள், குடியிருந்தவர்களை நான்கு மைலுக்கு அப்பால் தள்ளினார்கள், நுழைவாயிலில் சீட்டு விற்றார்கள். அதற்கும் பிறகுதான் அந்தக் கேள்வியே பிறந்தது. கேள்வி கேட்டவர்களே பதிலையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்: யார் கட்டியிருந்தாலும் சரி, இங்கே இருக்கிற கறுப்பர்கள் மட்டும் கட்டியிருக்க முடியாது.

கணவன் சுரங்கத்தில் நெஞ்சுநோய் வாங்கிவந்து செத்தபோது முச்சாநேத்தாவுக்கு முப்பத்திரண்டு வயது. வருஷம் திரும்பியதும் உறவெல்லாம் கூடியது. விதவையிடம் ஒரு தட்டில் தண்ணீர் கொடுப்பார்கள். கணவனின் சகோதரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவள் யார் முன்னால் தட்டை வைக்கிறாளோ அவனுக்கு இனி அவள் பெண்டாட்டி. கொழுந்தன் தவோனா அன்றைக்கென்றே புதுத் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அவள் வரிசை முழுக்க நடந்தாள். தவோனா கையை நீட்டிவிட்டான். நீட்டிய கையைத் தாண்டிப் போய், பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நாத்தனார் முன்னால் தட்டை வைத்தாள். இந்த வீட்டில்தான் இருப்பேன், எவனுக்கும் கீழே இருக்க மாட்டேன் என்று அதற்கு அர்த்தம். அப்புறம் எத்தனையோ வருஷம், தவோனா எங்கே தொப்பி போட்டுக்கொண்டு வந்தாலும் "யாருக்குப்பா தண்ணி?" என்று ஆட்கள் சிரித்தார்கள்.

தவோனா கெட்டவன் இல்லை. பள்ளிக்கூடத்தில் எட்டு வகுப்பு படித்தவன், இங்கிலீஷ் பேசுவான். கல்வீடுகளில் வழிகாட்டி வேலை கிடைத்தது. கூடவே பித்தளை வில்லை வைத்த தொப்பி ஒன்றும் கிடைத்தது. பேருந்தில் வரும் வெள்ளைக்காரர்களைச் சுவரோரமாக அழைத்துப் போய் ஒன்பது வருஷமாக ஒரே பாடத்தை ஒப்பித்தான். கடல் தாண்டி வந்த பழைய ஜனங்கள், பொன் தேடி வந்த வியாபாரிகள், வடக்கிலிருந்து வந்த ஒரு ராணி. இவர்களில் யாரோ ஒருவர் கட்டியது. அந்தப் பட்டியலில் அவனுடைய தாத்தா இல்லை.

முச்சாநேத்தாவும் அங்கேயே வேலைக்குப் போனாள். வேலியின் உள்ளே 'பழங்குடி ஊர்' என்று பத்துக் குடிசை கட்டி வைத்திருந்தார்கள். பெண்கள் தோலைச் சுற்றிக்கொண்டு, பாசிமணி போட்டுக்கொண்டு, காலை ஒன்பதிலிருந்து நான்கு மணிவரை வெறும் உரலில் இடிக்க வேண்டும். வந்தவர்கள் படம் எடுப்பார்கள். தளத்துக்குப் பொறுப்பாக இருந்த கோல்பர்ன் துரை அவளிடமும் ஒரு தோலை நீட்டினார். அவள் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"என் மாமியாவே பூப்போட்ட கவுன் போட்டவ. நான் இதச் சுத்திக்கிட்டு நின்னா, செத்தவ எந்திரிச்சு வந்து அறைவா. தரை மெழுகறேன். வேணும்னா சொல்லுங்க, இல்லன்னா போறேன்."

தவோனா இதை இங்கிலீஷில் எப்படி மாற்றிச் சொன்னானோ, துரை தலையாட்டினார். மெழுகுகிறவள் என்று எடுத்துக்கொண்டார்கள். பத்துக் குடிசைக்கும் அவள்தான் மெழுகினாள். பத்துத் திண்டிலும் இரண்டு வரப்பு.

1972-ல், மழைக்கு முந்திய மாதம். வெயிலில் பாறையெல்லாம் வெடித்துக்கொண்டிருந்தது. கோல்பர்ன் துரைக்குத் தலைநகரத்திலிருந்து கடிதம் வந்தது. புதிய வழிகாட்டிப் புத்தகம் அச்சாகி வருகிறது, அதை வெளியிடப் பெரிய துரை ஒருவர் விருந்தாளிகளோடு வருகிறார், அதற்குள் பெரிய சுவரின் அடியில் தோண்டி வெளிநாட்டுப் பொருள் எதையாவது எடுத்து வையுங்கள் என்றது கடிதம். துரை எப்போதும் எதற்கும் "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டுகிற மனிதர். தோண்டுகிறவர்கள் அவருக்கு சீக்கிரம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். இப்போது அவர் நிஜமாகவே ஓட ஆரம்பித்தார். ரிங்கிசை என்ற மேஸ்திரியின் கீழ் எட்டு ஆட்கள் சுவரை ஒட்டிக் குழி எடுத்தார்கள்.

நான்காம் நாள், ஒரு ஆள் ஆழத்தில் மண்வெட்டி 'டொக்' என்றது. செங்கல்போல் இறுகிய தரை. தூசியைப் பெருக்கிக் கழுவ ஆள் வேண்டும் என்று துரை முச்சாநேத்தாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு குழியில் இறங்கினாள்.

தண்ணீர் பட்டதும் தரை கறுத்துப் பளபளத்தது. கூழாங்கல் தேய்த்த பளபளப்பு. இது அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பெருக்கிக்கொண்டே சுவரின் பக்கம் போனாள். சமையல் வீட்டு நடுவில் போடுகிற அடுப்பின் வளையம், அதற்கப்பால் தரை மெல்ல உயர்ந்தது. மண்ணை விரலால் வழித்தாள். திண்டு. அதன் விளிம்பில் ஒரு வரப்பு. இரண்டு விரல் கீழே இன்னொரு வரப்பு. கட்டைவிரலால் இழுத்தது. அழுத்தித் தொடங்கி, முடிவில் தூக்கி விட்ட தடம்கூட அப்படியே இருந்தது. அவள் தன் கட்டைவிரலை அந்தத் தடத்தில் வைத்தாள். பொருந்தியது.

திண்டு பாதிதான் வெளியே தெரிந்தது. மீதிப் பாதி சுவரின் அடிக்கல்லுக்குக் கீழே போயிற்று. சுவர் அந்தத் தரையின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

முச்சாநேத்தா செருப்பைக் கழற்றிக் குழிக்கு வெளியே எறிந்தாள். மண்டியிட்டு, கையைக் குவித்துத் தட்டினாள். அவளுக்கு அழுகை வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"ரிங்கிசை," என்றாள், "இங்க வா. வந்து பாரு. இது யாரு வீட்டுத் திண்டு?"

ரிங்கிசை எட்டிப் பார்த்தான். அவன் அம்மா வீட்டிலும் அதே இரண்டு வரப்பு. "அடப்பாவமே," என்றான். மண்வெட்டியைக் கீழே வைத்துத் தொப்பியைக் கழற்றினான்.

கோல்பர்ன் துரையும் பார்த்தார். அவருக்கும் புரிந்தது. புரிந்ததுதான் கோளாறு. சுவருக்கு முந்தியே ஒரு கறுப்புப் பெண் அங்கே பானை அடுக்கி வாழ்ந்திருக்கிறாள் என்றால், ராணி எங்கே, வியாபாரிகள் எங்கே? மறுநாள் பெரிய துரை வருகிறார். புத்தகம் அச்சாகிவிட்டது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தவோனாவிடம் சொன்னார். தவோனா குழிக்குள் பார்க்காமலே அதை மாற்றிச் சொன்னான்.

"நாளைக்குக் காலையில முதல் வேலையா இந்தத் தரையக் கொத்தி எடுத்துடணுமாம். பழைய சாமானெல்லாம் இதுக்குக் கீழதான் இருக்குமாம். இது பின்னாடி வந்து ஒதுங்கினவங்க போட்ட குப்பையாம்."

"பின்னாடி வந்தவ எப்பிடிப்பா சுவத்தத் தூக்கிட்டு அடியில மெழுகினா?" என்றாள் முச்சாநேத்தா. "அவர்கிட்டக் கேளு."

"மதினி, எனக்கு நாலு பிள்ளைங்க."

"அதுதான் கேக்கறேன். அந்த நாலும் யாரு பேரப்பிள்ளைங்க?"

அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறியதும் எட்டுப் பேரும் கடப்பாரையோடு வந்தார்கள். குழிக்குள் பாய் விரித்திருந்தது. பாயின்மேல், திண்டுக்குக் குறுக்காக, முச்சாநேத்தா நீட்டிப் படுத்திருந்தாள். தலையில் கணவனின் பழைய தொப்பி, கழுத்தில் ஒரு கிழிந்த டை, கையில் கடிகாரத்துக்குப் பதில் வாழைநார்.

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரிங்கிசைதான் முதலில் சிரித்தான். பிறகு எல்லாரும் கடப்பாரையைக் கீழே போட்டார்கள்.

எங்கள் சாவு வீடுகளில் மருமகள்களுக்கு ஒரு உரிமை உண்டு. செத்தவரின் துணியைப் போட்டுக்கொண்டு அவர் நடந்ததுபோல் நடப்பார்கள், இருமியதுபோல் இருமுவார்கள், பெரிய மனிதர்களை முகத்துக்கு நேரே கேலி செய்வார்கள். பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகிற பாதையில் குறுக்கே படுத்துக்கொள்வார்கள். அவர்கள் கேட்டதைக் கொடுக்காமல் தாண்டக்கூடாது. சர்க்கார் அதிகாரியாக இருந்தாலும் சரி, குலத்தலைவராக இருந்தாலும் சரி, தாண்டக்கூடாது. தாண்டினவனை அந்தக் குடும்பம் பிறகு எதற்கும் கூப்பிடாது.

"யாரு செத்தது சிஹேரா?" என்று ரிங்கிசை கேட்டான். தோண்டுகிறவர்களுக்கு மேஸ்திரி என்பதால் முறைப்படி அவன்தான் கேட்க வேண்டும்.

"என் மாமியாவோட மாமியாவோட மாமியா. எத்தன மாமியான்னு எனக்கு எண்ணத் தெரியாது. வீட்டக் கட்டினா, மெழுகினா, செத்தா. யாரும் அழல. இன்னைக்குத்தான் எனக்குச் சேதி வந்துச்சு. மருமக நான் வந்துட்டேன். எடுக்கணும்னா என்னைக் கேட்டுட்டு எடுங்க."

அதற்குள் குடிசைப் பக்கத்திலிருந்து பெண்கள் உலக்கையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். சாவு என்றதும் குலவை எழுந்தது. ஒருத்தி குழிக்கரையில் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டே, மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்து "சீக்கிரம்! சீக்கிரம்!" என்று கத்தினாள். சிரிப்பில் எல்லாருக்கும் கண்ணீர் வந்தது. கோல்பர்ன் துரை வந்து நின்று இதைப் பார்த்தார். தன்னைத்தான் என்று தெரிந்துகொள்ள அவருக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை.

"தோண்டுங்க!" என்று தனக்குத் தெரிந்த அரைகுறைப் பாஷையில் கத்தினார்.

"முடியாதுங்க," என்றான் ரிங்கிசை. "மருமக படுத்திருக்கு."

"வேலை போயிடும்!"

"வேலை போனா வேற வேலை. இதத் தாண்டினா என் சாவுக்கு எவன் வருவான்?"

துரை பையிலிருந்து ஒரு வெள்ளிக்காசை எடுத்துக் குழிக்குள் எறிந்தார். இந்த மாதிரிச் சாவுகளில் காசு கொடுத்தால் எழுந்துவிடுவார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். காசு பாயில் விழுந்தது. முச்சாநேத்தா அதைக் கால்விரல்களால் கவ்வி எடுத்துக் குழிக்கு வெளியே தள்ளினாள்.

அப்போதுதான் பேருந்து வந்தது. பெரிய துரையும், அவர் மனைவியும், விருந்தாளிகள் இருபது பேரும் இறங்கினார்கள். கையில் புதுப் புத்தகம். குலவையோடு ஏதோ வரவேற்பு நடக்கிறது என்று நினைத்து ஒரு அம்மாள் கைதட்டினாள். கோல்பர்ன் துரையின் முகம் சுண்டிப்போயிற்று. தவோனாவின் தோளைப் பிடித்துக் குழிப் பக்கம் தள்ளி, அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று கேள், முடித்துவிடு என்றார்.

தவோனா கரையில் குந்தினான். குரலைத் தாழ்த்தினான்.

"மதினி, எந்திரி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"எனக்கு என்ன வேணும்னு அவரு கேட்டாரா?"

"கேட்டாரு."

"அப்போ சொல்லு. இந்தச் சுவத்தக் கட்டினது யாருன்னு அவரு வாயால சொல்லணும். இத்தன பேரு முன்னாடி சொல்லணும். சொன்னா எந்திரிக்கறேன்."

தவோனா எழுந்து திரும்பி இங்கிலீஷில் ஏதோ சொன்னான். நீளமாகச் சொன்னான். விருந்தாளிகள் 'அடடா' என்பதுபோல் தலையாட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் பேருந்து ஓட்டுநர் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவள் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார்.

முச்சாநேத்தா டம்ளரைப் பார்த்தாள். தவோனாவைப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. டம்ளருக்கு இங்கிலீஷ் வேண்டுமா?

"நான் கேட்டது தண்ணியாடா?"

தவோனா தொப்பியின் வில்லையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"வெயில்ல மயக்கம்னு சொன்னியா? இல்ல, கிறுக்குன்னு சொன்னியா?"

"மயக்கம்னுதான் சொன்னேன்."

பெண்கள் சிரிக்கவில்லை. குலவையும் நின்றுவிட்டது. முச்சாநேத்தா முழங்கையை ஊன்றி நிமிர்ந்தாள். கோபத்தில் அவள் குரல் தணிந்துதான் போயிற்று.

"சரி. துரை சொல்ல வேணாம். அவரு பாவம், அவரு வீட்டுத் திண்டா இது? நீ சொல்லு. ஒம்பது வருஷமா ஊரான் பாட்டனுக்கெல்லாம் மாலை போட்டியே, உன் பாட்டிக்கு ஒரு வார்த்த சொல்லு. நீ சொல்லு கொழுந்தனாரே, நான் எந்திரிக்கறேன். சொல்லலன்னா இந்தக் கடப்பாரைய நீயே எடு. என்னையும் சேத்துக் கொத்து."

தவோனா அவளைப் பார்க்கவில்லை. குழிக்குள் பார்த்தான். முதல் முறையாகப் பார்த்தான். அவள் படுத்திருந்த பாய்க்கு அப்பால் இரண்டு வரப்பும் வெயிலில் தெரிந்தன. அவன் அம்மா இழைத்ததும் அதே வரப்புதான். அந்தத் திண்டின் முன்னால்தான் அவளைக் கிடத்தியிருந்தார்கள், அவன் அதன் முன்னால்தான் மண்டியிட்டு அழுதிருந்தான். அவனுக்குப் பயம் என்பதை அவள் பார்த்தாள். பயப்படட்டும், ஆனால் சொல்லட்டும் என்று நினைத்தாள்.

அவன் பித்தளை வில்லைத் தொப்பியைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டான். விருந்தாளிகளைப் பார்த்துத் திரும்பினான். ஒன்பது வருஷம் ஒப்பித்த அந்தக் கணீர்க் குரல் வரவில்லை. ஐந்தாறு வார்த்தைதான், கரகரவென்று வந்தது. பிறகு கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினான், அடியில் தரையைக் காட்டினான், தன் நெஞ்சைத் தொட்டான். இன்னொரு தடவை அதையே சொன்னான். இந்தத் தடவை உரக்க. முச்சாநேத்தாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பெரிய துரையின் கழுத்து சிவந்ததே போதுமானதாக இருந்தது.

அவள் எழுந்தாள். பாயைச் சுருட்டினாள். பெண்கள் குலவையிட்டதில் பாறைக் குன்றுகள் அதிர்ந்தன. தொப்பியும் டையும் போட்டுக்கொண்டே, பெரிய துரையைத் தாண்டி, அவரைப்போலவே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து போனாள்.

ஒரு கிழ வெள்ளைக்காரர் மட்டும் குழிக்கரையில் குனிந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தவோனாவிடம் ஏதோ கேட்டார். "உங்களுக்கு எப்படித் தெரியும்" என்று கேட்டாராம். ஒன்பது வருஷத்தில் யாரும் தன்னிடம் எதுவுமே கேட்டதில்லை என்று தவோனா பிறகு சொன்னான். அவன் அந்தக் கிழவரிடம் கட்டைவிரலைக் காட்டினானாம்.

விருந்தாளிகள் முன்னால் கொத்த முடியவில்லை. கொத்தினால் எதை மறைக்கிறார்கள் என்று கேள்வி வரும். மண்ணைப் போட்டு மூடுங்கள், உடனே மூடுங்கள் என்றார் பெரிய துரை. ரிங்கிசையும் ஆட்களும் மண்வெட்டியைத் தொடவில்லை. கையாலேயே அள்ளிப் போட்டார்கள், பிணக்குழியை மூடுவதுபோல் ஒவ்வொருவராக ஒரு பிடி. திண்டு ஒரு கீறல்கூட இல்லாமல் மண்ணுக்குள் போயிற்று. சாயங்காலம் தவோனாவின் தொப்பியை வாங்கிக்கொண்டார்கள். முச்சாநேத்தாவுக்கும் ரிங்கிசைக்கும் இனி வேலிக்குள் கால் வைக்கக்கூடாது என்று உத்தரவு. அவள் பத்துக் குடிசையின் தரையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, தன் கூழாங்கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். அது அவளுடையது.

"தொப்பி போச்சே கொழுந்தனாரே," என்றாள் வழியில்.

"தலை இருக்கு மதினி," என்றான் தவோனா. அவன் அழுதுகொண்டுதான் வந்தான். "பிள்ளைங்களுக்கு என்ன சொல்ல?"

"இப்பச் சொன்னியே, அதையே சொல்லு. இந்தத் தடவ நம்ம பாஷையில."

இரண்டு வாரம் கழித்து போலீஸ் ஜீப் வந்தது. அந்தக் காலத்தில் காட்டுக்குள்ளிருந்து துப்பாக்கி ஏந்திய விடுதலைப் பையன்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். ஒரு கறுப்பச்சி வாயைத் திறந்தால், பின்னால் யாரோ ஒரு கலகக்காரன் எழுதிக்கொடுத்திருக்கிறான் என்றுதான் வெள்ளைக்காரர்கள் நினைத்தார்கள். அவளாகவே ஒன்று தெரிந்து வைத்திருப்பாள் என்பது அவர்கள் புத்தியில் ஏறவே இல்லை. வெள்ளை இன்ஸ்பெக்டரும், எங்கள் ஆளான ஒரு சார்ஜண்டும் இறங்கினார்கள். முச்சாநேத்தா சமையல் வீட்டுத் தரையை மெழுகிக்கொண்டிருந்தாள்.

"உள்ளே வரணும்," என்றான் சார்ஜண்ட்.

"ஈரமா இருக்கு. காயட்டும்."

"இன்ஸ்பெக்டர் துரை வந்திருக்காரும்மா."

"பூட்ஸ் போட்டிருக்காருல்ல? தடம் விழும். நெழல்ல நிக்கச் சொல்லு."

இரண்டு பேரும் வாசலிலேயே நின்றார்கள். நிழலும் இல்லை. இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல, சார்ஜண்ட் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தான். அவன் கண் அடிக்கடி உள்ளே பானைத் திண்டுப் பக்கம் போய்ப் போய் வந்தது.

"அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சொல்லலன்னா ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றாரு. சுவத்த நம்ம ஜனங்கதான் கட்டினாங்கன்னு உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது? ஆளு பேரு வேணும். எங்க இருக்கான்னு வேணும்."

முச்சாநேத்தா கையைக் கழுவினாள். வாசல்படியில் வந்து உட்கார்ந்து, அவன் பேனாவைப் பார்த்தாள்.

"ஆம்பள இல்ல, பொம்பள. என் மாமியாவுக்கு மூத்த மாமியா. எழுதிக்கோ."

சார்ஜண்ட் எழுதினான்.

"எங்க இருக்காங்க?"

"ருவாரேல. பெரிய சுவரு, அடிக்கல்லுக்குக் கீழ. பாதி ஒடம்பு வெளிய இருந்துச்சு, அதையும் நீங்கதான் மண்ணப் போட்டு மூடினீங்க. போய்ப் பிடிச்சிட்டு வாங்க." அவள் இன்ஸ்பெக்டரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா துரைகிட்டச் சொல்லிடு. அவள வெளிய எடுக்கணும்னா மொதல்ல சுவத்தப் பிரிக்கணும். ஒவ்வொரு கல்லாப் பிரிக்கணும், ஊரே பாக்கப் பிரிக்கணும். பிரிச்சுப் பாருங்க, அடியில யாரு இருக்கான்னு."

சார்ஜண்ட் இதை இன்ஸ்பெக்டருக்கு மாற்றிச் சொன்னான். ஒரு வார்த்தைகூட விடாமல் சொன்னான்.